டெய்சிக்குப் பிறந்தநாள்

“போட்டது சரி, ஓடுறது எது?” என்று கேட்டபடி, சாணம் ஒட்டிய ரப்பர் பூட்சை வாசலில் உதறுகிறார் நோலீன். காலை வணக்கம் என்று தனியாக அவரிடம் எதுவும் கிடையாது. வீட்டில் பால் பண்ணை. கறவையை முடித்துவிட்டுத்தான் எங்கள் வார்னம்பூல் பால் கூட்டுறவின் சர்வர் அறைக்கு வருவார்.

கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் அடிவயிற்றில், எவனாவது ஓட்டை கண்டுபிடித்துவிட்டால் நோலீன் முகத்தில் கல்யாணக் களை. வெஜிமைட் ரொட்டியைக் கடித்துக்கொண்டு திருத்தத்தை வரிவரியாகப் படிப்பார். “ஒரு எண்ணச் சரிபாக்க மறந்துட்டு இத்தன வருஷம் நிம்மதியாத் தூங்கியிருக்கான் பாரு, பன்னாடை.”

சென்ற வாரம் வந்த ஓட்டை பொல்லாதது. சாதாரண ஊழியர் கணக்கில் நுழைகிற யாரும் மொத்த இயந்திரத்துக்கும் எஜமானன் ஆகிவிடலாம். எல்லாச் சர்வர்களுக்கும் திருத்தத்தை, அதாவது பேட்ச், போட்டு, அணைத்து எழுப்பினோம்; எழுப்பினால்தான் புதியது ஓடும். டெய்சிக்குப் போட்டதோடு சரி, அணைக்கவில்லை. எந்த லாரி எந்தப் பண்ணைக்குப் போக வேண்டும் என்று சொல்கிற சர்வர் அது. ஏழு வருடமாக அணைந்ததே இல்லை. அந்தப் பெருமைக்கு மேலாளர் டேரில் வருடாவருடம் கேக் வெட்டுவார். போன குளிர்காலத்தில் சேர்ந்த நோலீனுக்கு இதுதான் முதல் கேக். மேஜைக்கு வந்தும்விட்டது.

“பேட்ச் போட்டாச்சே நோலீன், அப்புறம் என்ன?” என்றார் டேரில்.

“போட்டது சரி, ஓடுறது எது? புதுச் சட்டைய பீரோவில வச்சிட்டு, கிழிஞ்சதப் போட்டுக்கிட்டு ஊர் சுத்துற. நீ கேக் வெட்டுறது டெய்சிக்கு இல்லப்பா, ஏழு வருஷ ஓட்டைக்கு.”

“எந்திரிக்கலைன்னா? லாரியெல்லாம் நின்னுடும். பாலத் தரையிலதான் கொட்டணும்.”

“கொட்டுனா என் பாலும்தான் கொட்டும்.”

“கேக்காவது வெட்டிட்டு…”

“நீ ஊதி முடிக்கிற வரைக்கும் திருடன் வாசல்ல நிப்பானா?”

எல்லாவற்றுக்கும் நகல் எடுத்தாயிற்றா என்று நான் மூன்றாம் முறையாகக் கேட்டேன்.

“எடுத்தாச்சு, வேற மெஷின்ல ஏத்தியும் பாத்தாச்சு. நீ போய் டீ குடி கண்ணு. உன் மூஞ்சியப் பாத்தா டெய்சி பயந்துடும்.”

காலை லாரிகள் திரும்பி, மாலை லாரிகள் கிளம்பாத நேரம். நோலீன் கட்டளையைத் தட்டினார். திரை கறுத்தது. விசிறிகள் அலறின. வெள்ளை எழுத்துகள் ஓடி வந்து பாதியில் நின்றன. டேரில் கேக் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் மனத்துக்குள் வேறு வேலைக்கு விண்ணப்பம் எழுத ஆரம்பித்திருந்தேன். நோலீன் நகத்தில் ஒட்டியிருந்த சாணத்தைச் சுரண்டினார்.

எழுத்துகள் மறுபடி நகர்ந்தன. டெய்சி எழுந்தாள். நோலீன் ஒரு வரி தட்டிப் பார்த்தார்.

“ஓடுறது புதுசு.”

மாலை லாரிகளின் வழித்தடங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் இறங்கின.

“அப்ப கேக்கு?” என்றார் டேரில், அழாத குறையாக.

நோலீன் கேக்கிலிருந்த ‘7’ மெழுகுவத்தியைப் பிடுங்கினார். அடியில் ஒட்டிய கிரீமை நக்கினார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு ‘0’ மெழுகுவத்தியை எடுத்து, அதே குழியில் குத்தினார்.