இளவேனிலை மிஞ்சிய எண்

பழனாத்தாளுக்குக் கூட வேலை செய்யும் இளவேனிலைக் கண்டால் ஆகாது. அன்னூரிலிருந்து கணபதி என்ற ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள் பழனாத்தாள். அங்கே முதலாளி தம்பிதுரையின் பட்டறையில், பம்புக்குள் சுழலும் சக்கரங்களுக்கு நானோ பூச்சு அடிப்பார்கள். காய்ந்தபின் எமரி தாளால் விளிம்பைத் தேய்த்துச் சீராக்குவது அவள் வேலை. அவள் கைக்கு மிஞ்சிய கை இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்லாத நாளில் அவளே சொல்லிக்கொண்டாள். ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துத் தேய்க்க வேண்டும் என்று இளவேனிலுக்குக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். இப்போது முதலாளி எதற்கெடுத்தாலும் இளவேனிலைத்தான் கூப்பிடுகிறார். நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான்!

ஒருநாள் கல்லூரியிலிருந்து சைத்ரா என்ற ஆராய்ச்சிப் பெண் வந்தாள். தேய்ப்பவர் இடுப்பில் ஒரு பெட்டியும், மூக்கருகே அதன் குழாயும் மாட்டினாள். எதற்கென்று விளக்கவும் செய்தாள். பழனாத்தாள் காது கொடுத்தால்தானே? பெட்டியை முதலில் இளவேனிலுக்கு மாட்டிவிட்டார்களே என்று அவள் வயிறு எரிந்துகொண்டிருந்தது. போட்டோ வேறு எடுத்தார்கள்.

மறுநாள் அவள் முறை. பெட்டியில் எண் கூடினால் கெட்டிக்காரி என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள். அன்று ஈரத்துணியைத் தொடவில்லை. முகத்தைச் சக்கரத்தோடு ஒட்டக் குனிந்து, வறட்டு வறட்டென்று தேய்த்துத் தள்ளினாள்.

சாயங்காலம் எண் வந்தது. இளவேனிலுடையதைப்போலப் பல மடங்கு. பழனாத்தாள் முந்தானையைச் சரிசெய்து போட்டோவுக்கு நின்றாள். சைத்ரா சிரிக்கவில்லை. பூச்சிலிருந்து கிளம்பி மூச்சோடு உள்ளே போகும், கண்ணுக்கே தெரியாத தூசின் அளவு அது, ஈரத்துணி போட்டால் தூசு பறக்காது, எண் குறைவாக இருப்பதுதான் நல்லது என்றாள்.

தம்பிதுரை தயங்கித் தயங்கிச் சொன்னார். "தப்பா நெனைக்காதீங்க அம்மணி. நாளைல இருந்து இளவேனில் பக்கத்துல உக்காந்து, அந்தப் புள்ள எப்படித் தேய்க்குதுன்னு பாத்துப் பழகுங்க."

அந்த ஈரத்துணி வேலையே நான் சொல்லிக்கொடுத்தது என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. அப்படியானால் இன்றைக்கு ஏன் செய்யவில்லை என்று கேட்பார்களே. அதற்குப் பதிலை இளவேனில் காதுபடச் சொல்வதைவிட நாண்டுகொண்டு சாகலாம்.

மறுநாள் காலையில் இளவேனில் நகர்ந்து இடம் விட்டாள்.

"வாங்க்கா," என்றாள், கள்ளமே இல்லாமல். "நீங்க சொல்லிக்குடுத்ததுதானுங்க்கா இது. மறந்துபோட்டீங்களாட்ட இருக்குது."

பழனாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஆமா கண்ணு," என்றாள். "மறந்துபோட்டேன்."