ஆன்ட்டி அண்ணாவின் தலையிடி

ஈரம் காயாத தோல் கையுறையின் நாற்றத்தை நீங்கள் முகர்ந்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். முகர்ந்திருந்தால் மறந்திருக்க மாட்டீர்கள். மவுண்ட் வெல்லிங்டன் என்ற புறநகரில் நாங்கள் குடியிருந்த வீட்டில், ஹீட்டருக்கு முன்னால், ஒரு குளிர்காலம் முழுவதும் இரண்டு பெரிய கையுறைகள் வாயைப் பிளந்தபடி காய்ந்துகொண்டிருந்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறந்ததும் முதலில் எதிரே வருவது அந்த நாற்றம்தான். "கருவாட்டுக் கடை வைச்ச மாதிரிக் கிடக்கு" என்று அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறப்பார். ஆனால் கையுறைகளைத் திருப்பி வைத்து மறுபக்கத்தையும் காயவைப்பவரும் அவர்தான்.

கையுறைக்காரர் பின்லாந்திலிருந்து வந்த ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர், வயது பத்தொன்பது. அவருடைய பெயர்தான் எங்கள் வீட்டுக்கு முதல் சிரிப்பு. அந்த நாட்டில் ஆண்களுக்கு வைக்கிற சாதாரணப் பெயர்தான், ஆனால் வாயால் சொன்னால் 'ஆன்ட்டி' என்று வரும். வீட்டுக்கு வந்துபோகும் பெண்களையெல்லாம் 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டுப் பழகிய பதினொரு வயதுப் பெண், ஆறடி உயரத்தில் தாடி முளைக்கத் தொடங்கிய ஒருவரை எப்படி அப்படிக் கூப்பிடுவாள்? வெறும் பெயர் சொல்லி அழைக்கவும் அம்மா விடமாட்டார். கடைசியில் 'ஆன்ட்டி அண்ணா' என்று ஆனது. கோயிலில் யாராவது விசாரித்தால், அப்பா அதை விளக்கி முடிப்பதற்குள் சுண்டல் ஆறிவிடும்.

என் சொந்த அண்ணா சிட்னிக்குப் படிக்கப் போனதில் ஓர் அறை காலியாக இருந்தது. அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். கூட வேலை செய்தவரின் கணவர் இங்குள்ள ஹாக்கி அணியொன்றை நடத்துபவர்களில் ஒருவர்; வெளிநாட்டிலிருந்து வரும் ஆட்டக்காரரை ஒரு சீசனுக்கு வைத்துக்கொள்ள முடியுமா என்று அவர்கள் கேட்க, அம்மா அப்பாவைக் கேளாமலே ஓம் என்றுவிட்டார். ஆன்ட்டி அண்ணா பதினெட்டு வயதில் தன் ஊர் கிளப்பில் சம்பளத்துக்கு ஆடக் கையெழுத்துப் போட்டவர். அங்கே பெரியவர்கள் அணியில் நாலே ஆட்டம் ஆடவிட்டு, உடம்பு போதாது என்று நிறுத்திவிட்டார்கள். அங்கே கோடையாக இருக்கும்போது இங்கே குளிர்காலம் என்பதால், அந்த இடைவெளியில் வளர்ந்த ஆண்களோடு மோதிப் பழகு, சீசனின் கடைசி இரண்டு ஆட்டங்களின் வீடியோவை அனுப்பு, பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அந்த இரண்டு ஆட்டங்களுக்காகத்தான் உலகத்தின் இந்தக் கோடிக்கு வந்திருந்தார். "ஐஸில சறுக்கி விழுறதுக்கு ஒரு சம்பளமோ?" என்று அப்பா கேலி செய்வார்.

சனிக்கிழமை காலையில் எனக்குத் தமிழ் வகுப்பு, அவருக்குப் பயிற்சி. வீட்டில் இருந்தது ஒரே கார். அழுது அடம்பிடித்து நான் தமிழ் வகுப்பை விட்டேன். அரங்கின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, சறுக்குக் காலணி பனியைச் சீவும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட எந்த எழுத்தும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. என்னோடு சண்டைபோடாமல், என்னைச் சின்னப்பிள்ளை என்று ஒதுக்காமல், தேநீரையும் பிஸ்கட்டையும் பங்குபோட்டுக்கொண்ட முதல் அண்ணா அவர்தான். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

கடைசி இரண்டு ஆட்டங்களுக்கு முந்தைய ஆட்டத்தில் ஒருவன் அவரைச் சுவரோரம் இடித்தான். நான் நேரே பார்த்தேன், பட்டது தோள்தான். தலை மட்டும் ஒருமுறை வெடுக்கென்று முன்னும் பின்னும் ஆடியது. அவர் எழுந்து கையை உதறிவிட்டு ஆடினார். ஆனால் ஞாயிறு, திங்கள் என்று அம்மாவும் அப்பாவும் வீட்டில் இல்லாத நேரங்களில் திரைச்சீலைகளை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தார். டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். தலை வலிக்கிறது என்று என்னிடம் மட்டும் சொல்லி, உதட்டில் விரலை வைத்தார். இன்னும் இரண்டே ஆட்டம், அம்மாவுக்குத் தெரிந்தால் ஆடவிட மாட்டார், சொல்லாதே என்றார். நான் சத்தியம் செய்துகொடுத்தேன். ஒரு பெரிய மனிதரின் ரகசியம் என் கையில் இருக்கிறது என்று பெருமையாகக்கூட இருந்தது.

அம்மாவின் கண்ணுக்கு ஏதோ பட்டிருக்க வேண்டும். வியாழக்கிழமை மாலை மேசையில் ஆன்ட்டி அண்ணா புட்டைத் தின்னாமல் அளைந்துகொண்டிருக்க, அடுப்பைப் பார்த்து நின்றபடியே அம்மா என்னிடம் கேட்டார்: "உவனிட்டைக் கேட்டா இல்லையெண்டுதான் சொல்லுவான். நீதானே உவனோட திரியிறனி. உண்மையைச் சொல்லு பிள்ளை, உவனுக்குத் தலையிடியோ?"

தமிழ்நாட்டுக்காரர்கள் தலைவலி என்பதை யாழ்ப்பாணத்தார் தலையிடி என்பார்கள். என்னோடு கதைக்கும்போது வீட்டில் எப்போதும் 'ஹெட்ஏக்' என்றுதான் சொல்வார்கள். அன்று அவருக்கு விளங்கிவிடக் கூடாதென்று அம்மா நல்ல தமிழுக்குப் போய்விட்டார். தமிழ் வகுப்பை விட்ட எனக்குத் தலை தெரியும், இடி தெரியும். தலையில் இடிபட்டதா என்று கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"நோ அம்மா. ஷோல்டர் மட்டும்தான். ஐ சா இட்."

அம்மா நிம்மதியாக மூச்சுவிட்டு, அவருடைய தட்டில் இன்னொரு கரண்டி கறி ஊற்றினார்.

சனிக்கிழமை வழக்கம்போல அவருடைய நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினார். ஆட்டத்தின் இரண்டாவது பகுதியில், யாரோடோ இலேசாக உரசி விழுந்தார். பெரிய அடியே இல்லை. எழுந்தவர், எதிரணி உட்காரும் பெஞ்சுக்குப் போய் அங்கே இடம் கேட்டு நின்றார். சிலர் சிரித்தார்கள். அப்பா என் கையை இறுக்கிப் பிடித்தது இன்னும் நினைவிருக்கிறது.

தலை ஆடிய அதிர்வில் மூளைக்குப் பட்ட முதல் அடி ஆறுமுன் இரண்டாவது விழுந்துவிட்டது என்றார் மருத்துவர்; இனி மோதி ஆடும் ஆட்டமே கூடாது என்றார். ஆறு வாரம் அவர் இருட்டறையில் கிடந்தார். காலையில் அம்மா கதவோரம் நின்று "தலையிடியோ, தம்பி?" என்பார், "ஓம்" என்று உள்ளேயிருந்து பதில் வரும். அந்த ஆறு வாரத்தில் அவர் கற்றுக்கொண்ட தமிழ் அவ்வளவுதான். திரும்பவும் யார் இடித்தது என்று நான் அப்பாவைக் கேட்டேன். "ஆரும் இடிக்கேல்லை பிள்ளை. தலையிடியெண்டா ஹெட்ஏக்" என்றார் அப்பா. குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

"இவ்வளவு வருஷம் நேர்ஸாயிருந்து என்ன பிரயோசனம்? கண்ணுக்கு முன்னால இருந்த பிள்ளையை விட்டிட்டன்" என்று அம்மா அவர் ஊருக்குப் போன பிறகும் சொல்லிச் சொல்லி வருந்தினார். நான் வாய் திறக்கவில்லை. பிறகு தமிழை விழுந்து விழுந்து படித்தேன். சொல் தெரியாததால் வந்த வினை என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. அம்மா என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று எனக்கு அன்றே தெரியும். சத்தியத்தையும் மீறாமல் பொய்யும் சொல்லாமல் தப்பிக்க ஒரு கேள்வி கிடைத்ததே என்று உள்ளூர மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சிக்காகத்தான் இன்றும் வெட்கப்படுகிறேன்.

பதினான்கு வருடம் ஓடிவிட்டது. மவுண்ட் வெல்லிங்டன் வீட்டை இடித்து ஆறு டவுன்ஹவுஸ் கட்டிவிட்டார்கள். அம்மாவும் அப்பாவும் நகரின் தெற்கே தகனினி என்ற புறநகருக்குக் குடிபோய்விட்டார்கள். அந்த நாற்றம் எங்கும் இல்லை. ஆன்ட்டி அண்ணா தன் ஊர் அரங்கில், ஆட்டத்தின் இடைவேளையில் பனித்தளத்தைச் சமன்படுத்தும் வண்டியை ஓட்டுகிறார். போன ஞாயிற்றுக்கிழமை மாலை வீடியோவில் பேசினோம். அங்கே கோடைக்காலக் காலை பத்து மணி. "தலையிடியோ, தம்பி?" என்று அம்மா வழக்கம்போலக் கேட்க, "இல்லை" என்று அவர் சிரித்தார். அவருக்குப் பின்னால் திரைச்சீலைகள் இழுத்து மூடியிருந்தன.

அம்மா போனை என் பக்கம் திருப்பினார். "உவன் இல்லையெண்டுதான் சொல்லுவான். எனக்கும் இப்ப கண் மங்கல். நீ பாத்துச் சொல்லு பிள்ளை, உவனுக்குத் தலையிடியோ?"

திரையில் ஆன்ட்டி அண்ணா உதட்டில் விரலை வைத்தார்.

"ஓம் அம்மா, இருக்கு" என்றேன். "அண்டைக்கு நீங்கள் கேக்கேக்கையும் இருந்தது. எனக்கு அப்பவே தெரியும்."