அக்கா பிழைக்க வைத்தவர்கள்

அக்காவின் முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் உங்களை வணங்குகிறேன். இதை எழுத வேண்டியவர் சைகோனில் இருக்கும் அண்ணன். அவருக்குக் கப்பல் கிடைக்கவில்லையாம். ஆகவே வீட்டில் மிச்சமிருக்கும் நான் எழுதுகிறேன். மிச்சமிருப்பதுதான் என் ஒரே தகுதி.

அக்கா பிறந்தது வரிச்சிக்குடி. அம்மா பெற்றவற்றில் தங்கியது நாங்கள் மூவர்தான். அதுவே நல்ல விளைச்சல் என்று ஊர் மெச்சியது. அக்காவை நெடுங்காட்டில் கட்டிக்கொடுத்தார்கள். ஒரு ஐப்பசியில் காலரா அத்தானையும் இரண்டு குழந்தைகளையும் கொண்டுபோனது. காரைக்காலில் இருந்த எங்களிடம் திரும்பி வந்தவர், அழுவதற்கு முன் தண்ணீர் அண்டாவை அடுப்பில் ஏற்றினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிப்பது குற்றம்.

“சித்திரை வெயில்ல சுடுதண்ணியா? அவிஞ்சிருவேன் அக்கா!”

“அவிஞ்சா எறக்கி வைக்கிறேன்டா. குடி.”

அம்மை குத்துகிறவர் வந்தால் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். அக்கா மட்டும் அண்ணன் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போவார். வழியில் அகப்பட்ட தெருப் பிள்ளைகளையும் விட மாட்டார். மீசை முளைத்த பிறகும் கட்டிலுக்கடியில் ஒளிந்த ஒருவனைக் காலைப் பிடித்து இழுத்தார். அது நான்தான்.

அண்ணன் பிள்ளைகள் ஏழு பேரும் தங்கினார்கள். எங்கள் குடும்பத்தில் ஒன்றுகூடச் சாகாத முதல் தலைமுறை. படுக்க இடமின்றி நான் மாட்டுக் கொட்டகைக்குப் போனேன். மாடு ஆட்சேபிக்கவில்லை. ஆனால் இருந்த நிலம் அத்தனை வாய்க்குக் காணவில்லை. அண்ணனும், வளர்ந்த பிள்ளைகளும் சைகோன், பாரிஸ், சென்னை என்று ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சென்னையிலிருந்து வந்த அண்ணன் மகள், “ரெண்டு போதும் அத்தை. பெத்ததெல்லாம் தங்குதே, அப்புறம் எதுக்கு?” என்றாள். அக்கா சிரித்தார். அதற்காகத்தானே அண்டா வைத்தார்! கடைசியில் எங்கள் இருவருக்கும் ஒரு செம்புத் தண்ணீர் கொதித்தால் போதுமென்று ஆனது.

“என்னைத் தூக்க நாலு பேரு இருப்பாங்களாடா?” என்று அடிக்கடி கேட்பார்.

“நீ இருக்கிற ஒல்லிக்கு ரெண்டு பேரு போதும்.”

மார்கழியில் மூச்சு முட்டியபோது, “எல்லாரும் இருக்காங்களாடா?” என்றார். இருக்காங்க என்றேன். பொய்யில்லை. எங்கெங்கோ இருந்தார்கள்.

தந்தி கொடுத்தேன். பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும். பாடைக்கு நான்கு தோள் வேண்டும். வீட்டில் இருந்தது ஒன்று, அதுவும் சரிந்த தோள். வாசலில் போய் நின்றேன். எதிர்வீட்டுத் தச்சர் வந்தார். மண்டபத்தூரிலிருந்து மீன் கொண்டுவரும் எங்கள் தெரு மருமகன் கூடையை இறக்கிவிட்டு வந்தார். அரிசிக்கடை பாயும் வந்தார்.

“நீங்க எதுக்கு பாய் செரமப்பட்டுக்கிட்டு…”

பாய் சட்டைக் கையை மடித்து, அம்மை குத்திய தழும்பைக் காட்டினார். “ஒங்க அக்கா கதறக் கதறத் தூக்கிட்டுப் போயி குத்த வச்சது. தூக்குனவங்கள நான் தூக்க வேணாமா? தள்ளிக்குங்க.”

முன்பக்கம் அவர் தோள் கொடுத்தார். அக்கா நான்கு தோளில்தான் போனார்.

அந்த மூவருக்கும், சுடுகாடு வரை வந்தவர்களுக்கும் என் நன்றி. வெளியூர்ப் பிள்ளைகள் நன்றாயிருங்கள். அதற்காகத்தான் அக்கா பாடுபட்டார். நான் அக்காவைவிட ஒல்லி. எனக்கு உண்மையாகவே இரண்டு பேர் போதும். அந்த இரண்டு பேர் மட்டும் தயவுசெய்து ஊரிலேயே இருங்கள்.