ஏலுவானியைக் கெடுத்த ஏழு பேர்

ஆர்லீன் காங்காஸ் பகலில் நாய்களுக்கு லைசென்ஸ் எழுதினாள். மாலையில் ஒரு நாகரிகத்தைப் படைத்தாள். இரண்டுக்கும் ஒரே பேனாதான்.

மிச்சிகனின் வடகோடியில், பெரிய ஏரிக்குள் விரலை நீட்டிக்கொண்டு கிடக்கும் எங்கள் கவுண்டியின் மாவட்ட அலுவலகத்தில், இருபத்தாறு வருடமாக அவள் ஒரே கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். "நாயோட பேரு? என்ன சாதி? ஊசி போட்டாச்சா?" ஐந்து மணி அடித்ததும் வீட்டுக்குப் போய், பனிக்காலணியைக் கழற்றி, சூப்பை அடுப்பில் வைத்துவிட்டுக் கடவுளாகிவிடுவாள்.

அவள் படைத்த மொழியின் பெயர் ஏலுவானி. மூடுபனித் தீவு ஒன்றில் வாழும் உன்னத இனத்தார் பேசுவது. அவர்களுக்குக் கோபம் வராது. வியர்க்காது. ஒருவர்மேல் ஒருவர் குரல் உயர்த்த மாட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் வாயில் க, ட, ப போன்ற கட்டையொலிகள் வரலாமா? வரக்கூடாது என்று முதல் வாரத்திலேயே அவற்றை நாடு கடத்தினாள். ல, ர, ந, ம, வ, ய, கொஞ்சம் ஸ. அவ்வளவுதான். ஏலுவானியைக் கேட்டால் தாலாட்டுக் கேட்பது போல இருக்க வேண்டும் என்பது அவள் சட்டம். தாலாட்டுக் கேட்டவர்கள் பொதுவாகத் தூங்கிவிடுவார்கள் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். நமக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அவளோ கண்கள் பனிக்க அதை விவரிப்பாள். அந்த வினைக்கு ஒன்பது விகுதிகள். பெருந்தன்மையோடு மன்னிக்கும்போது ஒன்று. மன்னிக்கலாமா என்று தயங்கும்போது வேறொன்று. மூடுபனிக்கு மட்டும் நாற்பத்தொரு சொற்கள். பனி அள்ளும் மண்வெட்டிக்கு ஒன்றுகூட இல்லை. தீவில் யாரும் அள்ளுவதில்லை; நெகிழ்ந்து பார்த்துக்கொண்டே நிற்பார்கள். எங்கள் ஊரில் அப்படி நின்றவனை ஏப்ரலில் பனி உருகியதும்தான் கண்டெடுப்போம்.

இப்படி மொழி கட்டுகிறவர்கள் ஒன்றிரண்டு பேர் அல்ல. எங்களுக்கென்று ஒரு வட்டம் உண்டு, ஆண்டுமலர் உண்டு. எனக்கும் ஒரு மொழி இருக்கிறது. அதைப் பற்றி இங்கே வேண்டாம். ஆண்டுமலரின் கடைசிப் பக்கத்துக்கு 'உயிருள்ள மொழிகள்' என்று தலைப்பு. படைத்தவரைத் தவிர ஐந்து பேராவது தங்கள் சொந்தக் காரியத்துக்காக அன்றாடம் பேச வேண்டும். 'இது என் மொழிதான்' என்று படைத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டே விதி. பத்தொன்பது வருடமாக அந்தப் பக்கம் காலி. இருந்தாலும் ஒவ்வொரு வருடமும், சுற்றிலும் பூ வேலைப்பாடு போட்டு, காலியாகவே அச்சடிப்போம்.

ஆர்லீனுக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை. அந்தப் பக்கம்.

அதற்காக அவள் படாத பாடில்லை. கிரீன் பே நகரத்துத் தங்கைக்குத் தபாலில் பாடம் அனுப்பினாள்; இரண்டாம் பாடத்தோடு தங்கை வீட்டையே மாற்றிவிட்டாள். தேவாலயப் பாடகர் குழுவிடம் போனாள்; பாஸ்டர் அவளுக்காகத் தனியாக ஜெபித்தார். கடைசியில், ஒலிகள் காதில் எப்படி விழுகின்றன என்று சோதிக்கத் தன் குரலிலேயே சொற்களைப் படித்து ஒலிநாடாக்களில் பதிவு செய்து, புருஷனிடம் கொடுத்தாள்.

புருஷன் டேல், கவுண்டி சாலைத்துறையில் பனி ஒதுக்கும் லாரி ஓட்டுபவன். இருபது டன் இரும்பை மலைச்சாலையில் ஏற்றி இறக்குகிறவனுக்கு, இலைமேல் தயங்கும் ஈரத்தைப் பற்றிய சொற்கள்!

"கேட்டியா?" என்றாள் ஒரு மாதம் கழித்து.

"கேட்டேன்."

"எப்படி இருக்கு?"

"லாரி ரேடியோவுல ஒரே ஒரு ஸ்டேஷன்தான் வருது. அதுலயும் எப்பவும் போல்கா பாட்டு. அதுக்கு இது தேவலாம்."

பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அவள் சமையலறைக்குப் போய் அழுதாள். ஒன்பது குளிர்காலம் அவன் அந்த நாடாக்களையே போட்டுக்கொண்டு ஓட்டினான் என்பதும், தனியாக ஓட்டும் மலைச்சாலையில் அவளுடைய குரல் இல்லாமல் அவனுக்கு வண்டி ஓடாது என்பதும் அவளுக்குத் தெரியாது. அவனும் சொல்லவில்லை. எங்கள் ஊர் ஆண்கள் அன்பைச் சொல்வதற்குள் மூன்று போப்பாண்டவர்கள் மாறிவிடுவார்கள்.

போன பிப்ரவரியில் ஒரு கிழவர் நாயும் கையுமாக அவள் கவுண்டருக்கு வந்தார்.

"ஏம்மா, உங்க சாலைத்துறையில ரஷ்யாக்காரன் யாராச்சும் சேந்திருக்கானா?"

"இல்லையே. ஏன் சார்?"

"வயர்லெஸ்ஸ ஒட்டுக் கேக்கற பெட்டி வச்சிருக்கேன். பொழுது போகணும்ல. லாரிக்காரங்க பேசிக்கறது நம்ம பாஷையே இல்ல. ஷெரீப்கிட்ட சொன்னா சிரிக்கறான். நீ கேளு."

கோட்டுக்குள்ளிருந்து பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். இரைச்சல். பிறகு ஒரு பெண்குரல், ஆத்திரத்தோடு: "கா லுக்வேட்! கா லுக்வேட், வளைவுல!"

ஆர்லீனின் கையிலிருந்து நாய் லைசென்ஸ் விழுந்தது. லுவேனா! புல் நுனியில் பனித்துளி விழலாமா என்று தயங்கும் நேரம். மூன்று வருடம் யோசித்து அவள் பெற்றெடுத்த சொல். நாடு கடத்தப்பட்ட க-வும் ட-வும் அதன் வயிற்றைக் கிழித்துக்கொண்டு உள்ளே புகுந்திருந்தன.

அன்று மாலை டேல் காலணியைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள்.

"லுக்வேட்னா என்ன?"

டேல் குனிந்தே இருந்தான். "அது... பனி ஒதுக்கற நேரத்துல ரோட்டுல காரை நிறுத்திட்டுப் போறான் பாரு, அவன்."

"அவன்னா?"

"அவனும், அவன் பரம்பரையும்."

நடந்தது இதுதான். வயர்லெஸ்ஸில் கெட்ட வார்த்தை பேசக்கூடாது என்பது அரசாங்க விதி. பேசினால் ஒரு நாள் சம்பளம் போகும். ரோட்டில் நிற்கும் காரைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க ஓட்டுநர்கள் என்ன மூடுபனித் தீவினரா? ஒருநாள் டேல், காதில் ஒன்பது வருடமாக ஊறிய ஒரு சொல்லை ஆத்திரத்தில் உதிர்த்தான். மேஸ்திரிக்குப் புரியவில்லை, தண்டனை இல்லை. மறுவாரம் மற்ற ஆறு ஓட்டுநர்களும் டேலிடம் பாடம் கேட்டார்கள். தங்கை இரண்டு பாடத்தில் ஓடிய மொழியை அவர்கள் ஒரு குளிர்காலத்தில் கற்றார்கள். திட்ட வேண்டும் என்ற தாகத்துக்கு முன்னால் எந்த இலக்கணமும் கடினமில்லை.

திட்டில் தொடங்கியது மற்றதற்கும் வந்தது. லாரி இரைச்சலில் மெல்லொலிகள் கரைந்துபோயின. க-வையும் ட-வையும் செருகினார்கள். வயர்லெஸ் பொத்தானை அழுத்தும்போது முதல் எழுத்து அறுந்துபோனது. ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் அறுபட்டால் அது போகட்டும் என்று 'கா' என ஒரு தியாகியை நிறுத்தினார்கள். ஒன்பது விகுதிகளில் இரண்டு பிழைத்தன. ரோடு திறந்திருக்கிறது, ரோடு மூடியிருக்கிறது.

"என் பிள்ளைய தெருவுல விட்டு அடிச்சு, கையக் கால ஒடிச்சுக் கொண்டுவந்திருக்க!" என்று ஆர்லீன் கதறினாள்.

"ஒடிக்கலம்மா. ஓட விட்டிருக்கோம்," என்றான் டேல். அதற்குப் பதினோரு நாள் பேச்சு நின்றது.

ஓட்டுநர்களின் வயர்லெஸ் பேச்சைப் பதிவு செய்து எங்கள் வட்டத்தின் செயலாளர் தாடியஸ் ப்ரூயிட்டுக்கு அனுப்பியது யார் என்று நான் சொல்லப்போவதில்லை. நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினேன்.

ப்ரூயிட் ஒன்பது மணி நேரம் காரோட்டி வந்தார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பிறப்புச் சான்றிதழ் எழுதப்போகும் குமாஸ்தாவின் பரவசம் அவர் முகத்தில். சாலைத்துறைப் பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரம். ஓட்டுநர்கள் ஆளுக்கொரு பேஸ்ட்டியை, அதாவது உள்ளே அடைத்துச் சுட்ட ரொட்டியைக் கையில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார்கள். கிழங்கும் இறைச்சியும் மணத்தன. மூன்று லாரிகள் வெளியே ஓடிக்கொண்டிருந்தன. டேலுக்கு அடுத்த முறை. சுவர் ஓரமாக ஆர்லீன், சவத்தை அடையாளம் காட்ட வந்தவள் மாதிரி.

ப்ரூயிட் அரை மணி நேரம் கேட்டார், குறித்தார், சோதித்தார். பிறகு தாளை நீட்டினார்.

"ஏழு பேர், மேடம்! அஞ்சு போதும், உங்ககிட்ட ஏழு! பத்தொம்பது வருஷத்துல மொத தடவை. இங்க ஒரு கையெழுத்து."

பத்தொன்பது வருடத்துப் பூ வேலைப்பாடு அவள் விரல் நுனிக்கு ஒரு விரற்கடை தூரத்தில்.

"இது என் மொழி இல்ல," என்றாள் ஆர்லீன்.

"மேடம், வேர்ச்சொல் எல்லாம் உங்க அகராதியில..."

"என் மொழியில கெட்ட வார்த்தை கிடையாது. என் ஜனங்க கத்த மாட்டாங்க. இது யாரோ நாலு முரடங்க என் வீட்டுல திருடினது."

டேல் பேஸ்ட்டியைத் தாளில் சுற்றி மேசைமேல் வைத்தான். தொப்பியை எடுத்துக்கொண்டு லாரியை நோக்கி நடந்தான். அவன் முதுகைப் பார்த்திருந்தால் கல்லும் உருகியிருக்கும். ஆர்லீன் பார்க்கவில்லை.

ஜோலீன் ட்ரெவாரோதான் எழுந்தாள். ஓட்டுநர்களில் ஒரே பெண். இரண்டாம் லாரி அவளுடையது.

"முரடங்கன்னு சொன்னீங்கள்ல, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. ஜனவரியில மலைச்சாலையில வானமும் ரோடும் ஒண்ணா வெளுத்துப்போச்சு. மூக்கு நுனி தெரியல. உங்க வீட்டுக்காரர் வண்டி குறுக்கால திரும்பி நின்னுடுச்சு. பின்னால நான், இருபது டன்னோட எறங்கிட்டிருக்கேன். அவர் 'காக்கெல்'னு ஒரே ஒரு சத்தம். நின்னேன். வண்டிக்கும் வண்டிக்கும் நாலடி."

ஆர்லீனின் உதடு அசைந்தது. "டேல் சொல்லவே இல்லையே."

"எதுக்குச் சொல்லணும்? நீங்க அழுவீங்க, அவருக்குச் சூப்பு ஆறிடும்."

"நில்லுன்னு இங்கிலீஷ்லயே சொல்லியிருக்கலாமே?" என்று ப்ரூயிட் தலையிட்டார். படித்தவர் அல்லவா.

"நில்லு, நிக்காதன்னு வயர்லெஸ்ஸில ஆளாளுக்கு ஆயிரம் தடவ சொல்லுவாங்க சார். எவன் காதுல ஏறுது? காக்கெல்னா ஒண்ணே ஒண்ணுதான். நான் இங்க இருக்கேன், உனக்குத் தெரியல, நில்லு."

ஆர்லீனுக்குத் தெரியும் அந்தச் சொல்லின் தாய் யாரென்று. ஏலெய். மன்னிப்பைப் போல மெதுவாக இறங்கும் மூடுபனி. நாற்பத்தொன்றில் அவளுக்கு மிகப் பிடித்தது. அந்த உன்னதத் தீவினர் அதைப் பார்த்து நெகிழ்ந்து நின்றிருப்பார்கள். பின்னால் வந்த லாரி அவர்களைக் கூழாக்கியிருக்கும்.

வெளியே டேலின் லாரி உறுமிக்கொண்டு வாசலைத் தாண்டியது.

அவள் ஓடினாள். நாய் லைசென்ஸ் எழுதும் செருப்போடு, முழங்கால் பனியில், "டேல்! டேல்!" என்று. லாரி நிற்கவில்லை. சினிமாவில் நின்றிருக்கும்.

"வெளிய கத்தினா அவருக்குக் கேக்காது, உள்ள வாங்க," என்று ஜோலீன் அவள் கையில் வயர்லெஸ்ஸைத் திணித்தாள். "பொத்தானை அமுக்கிட்டுப் பேசுங்க."

ஆர்லீன் அமுக்கினாள். இருபத்தாறு வருட நாகரிகத்தையும் திரட்டி, இமை மூடி, தாலாட்டுப் போல அழைத்தாள்: "ஏலெய்..."

பெட்டியில் அது 'ஸ்ஸ்' என்று விழுந்தது. யாராவது தும்மினார்களா என்று ஓட்டுநர்களில் ஒருவன் கேட்டான்.

"தொண்டையிலேர்ந்து வரணும்," என்றாள் ஜோலீன். "கோழி எலும்பு மாட்டின மாதிரி."

லாரி வளைவை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆர்லீன் கண்ணைத் திறந்தாள். சட்டங்களை எல்லாம் காறித் துப்புகிறவள் போல ஒரு மூச்சு இழுத்தாள்.

"காக்கெல்!!"

டேலின் லாரி பனியைக் கிழித்துக்கொண்டு நின்றது. அவனுடையது மட்டுமா? மலைச்சாலையில் ஒன்று, துறைமுகத்தில் ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒன்று என்று கவுண்டியில் ஓடிய லாரி அத்தனையும் நின்றது. ஒரே அர்த்தமுள்ள சொல்லாயிற்றே. அன்று மதியம் பதினோரு நிமிடம் எங்கள் கவுண்டியில் ஒரு அங்குலப் பனியும் ஒதுக்கப்படவில்லை. மேஸ்திரி வந்து கத்தினார். என்னவென்று கத்துவது என்று அவருக்குத்தான் மொழி தெரியவில்லை.

"யாரு அது?" என்று பெட்டியில் டேலின் குரல் வந்தது.

"நான்தான்."

நீண்ட இரைச்சல். "உச்சரிப்பு புத்தகத்துல படிச்ச மாதிரி இருக்கு."

ஆர்லீன் ப்ரூயிட்டின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாள். அழுதுகொண்டே போட்டதில் பாதிப் பெயர் கலைந்துவிட்டது. அவர் தாளைத் திருப்பிப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"மேடம், விதியில இடமில்ல, ஆனாலும் பேசறவங்க கணக்குல உங்களையும் சேத்துக்கலாமான்னு..."

"வேணாம் சார்," என்றாள் ஜோலீன். "அவங்க இப்பதான் ஆரம்பிச்சிருக்காங்க."

ப்ரூயிட் அப்படியே எழுதிக்கொண்டார்.

"ஜனவரியில நடந்தத ஏன் சொல்லல?" என்று ஆர்லீன் வயர்லெஸ்ஸில் விம்மினாள். "திரும்பி வா. உன்ன நல்லா திட்டணும்."

"திரும்ப முடியாதும்மா, பனி ஒதுக்கற பிளேடை எறக்கிட்டேன். சாயங்காலம் திட்டு."

"எதுல திட்டறது? என்கிட்ட திட்டே இல்லையே."

"எங்ககிட்ட நூத்துப் பன்னெண்டு இருக்கு," என்றான் டேல். "பேனா இருக்கா? எழுதிக்க."

பேனாவைத் திரும்பக் கேட்டு நின்ற ப்ரூயிட்டை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேஸ்ட்டி சுற்றியிருந்த தாளை மேசைமேல் விரித்து, ஒன்று என்று எண் போட்டாள்.