கொய்யா மரத்தடியில் சிவப்பு விளக்கு

மெர்லிமாவ் ஊரின் எண்ணெய்ச் செம்பனைக் காட்டிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு இரவில் வரும் எலிகளை ஒரு வாரமாக வேடிக்கை பார்க்கிறேன். வெள்ளை வெளிச்சம் பட்டால் ஓடிவிடும். சிவப்பைக் கண்டுகொள்ளாது. அதனால் டார்ச்சில் சிவப்புத் தாள் சுற்றி, கொய்யா மரத்தடியில் வைத்திருக்கிறேன்.

நேற்று மாலை பக்கத்து வீட்டு அக்கா வாழைப்பழத் தட்டோடு வந்தார். "எலித் தொல்லை தாங்கல லா, மருந்து வைக்கப் போறேன்" என்று போன வாரம் சொன்ன அதே அக்கா.

"மரத்தடியில ராத்திரி சிவப்பு லைட்டு எரியுதே, எந்த சாமி தம்பி?"

எலி என்று சொல்ல வாயெடுத்தேன். மருந்து ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன். அக்கா தட்டை விளக்கின் முன் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இன்று காலை தட்டு காலி. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமிக்கு வேற என்ன தம்பி புடிக்கும்?"

"வறுத்த கடலை" என்றேன், கூசாமல்.

உண்மையைச் சொல்லிவிடு என்பவர்கள், முதலில் அக்காவிடமிருந்து அந்த மருந்து டப்பாவை வாங்கி வந்துவிட்டு கமெண்ட் போடவும்.