பாயா ரும்புட் ஆண்ட்டியின் கீழாநெல்லி

கீழாநெல்லிக்கு ஒரு தங்கச்சிச் செடி உண்டு. அதே இலை, இலைக்கடியில் அதே குட்டிக் காய்கள். காயவைத்து உதிர்த்துவிட்டால் பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது. அதற்குத்தான் நான் இருக்கிறேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன். இலையை அரைத்து, மரபணுவைப் பிரித்து, கீழாநெல்லிக்கு மட்டுமே உரிய ஒரு துண்டைத் தேடுவேன். அது இருந்தால் ஒரு கோடு விழும். விழாவிட்டால் தங்கச்சி.

மலாக்கா டவுனில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்கு இரண்டு பேர் காய்ந்த கீழாநெல்லி கொடுத்துவந்தார்கள். ஒருவர் டீச்சர் ஆண்ட்டி. அவருக்கு அது பொழுதுபோக்கு. இன்னொருவர் பாயா ரும்புட் ஆண்ட்டி. புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் வருஷக்கணக்காக நின்றே வேலை பார்த்து முழங்கால் போனவர். வீட்டுக்குப் பின்னால் போட்ட பாத்திதான் அவருக்குப் பிழைப்பு. சரக்கில் ஏதோ கலப்பு, அசல் கொடுப்பவரிடம் மட்டும்தான் இனி வாங்குவேன் என்றார் கடைக்காரர்.

"நான் இருக்கேன்லா அங்கிள்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

இரண்டு வீட்டுக்கும் நானே போய்ச் செடி பறித்து, பைமேல் ஊர்ப்பெயரை எழுதினேன். மூன்று தடவை சோதித்தேன். 'தங்கா பத்து' பையில் கோடு பளிச்சென்று விழுந்தது. 'பாயா ரும்புட்' பையில் ஒன்றுமே இல்லை.

பாயா ரும்புட் ஆண்ட்டிக்குப் போன் போட்டேன்.

"சாரி ஆண்ட்டி, உங்களோடது அசல் இல்ல."

"நெஜமாவா தம்பி?"

"டெஸ்ட் பொய் சொல்லாது ஆண்ட்டி." திமிரைப் பாருங்கள்.

மூன்று நாள் கழித்து அறிக்கை எழுத உட்கார்ந்தேன். முகவரி எழுதும்போது கை அப்படியே நின்றுவிட்டது. பாயா ரும்புட் ஆண்ட்டி தங்கா பத்துவுக்குக் குடிபோய்ப் பல வருஷமாகிறது! நம் ஆட்கள் ஒரு ஆண்ட்டிக்கு ஊர்ப்பெயரை ஒட்டினால், லாரி வைத்து வீடு மாற்றினாலும் அது கழன்று வராது. தங்கா பத்துவில் அவர் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் கோடு விழுந்த அந்தச் செடியைப் பறித்தேன். பாயா ரும்புட்டில் இருப்பவர் டீச்சர் ஆண்ட்டி. பையில் எழுதியதெல்லாம் சரி. என் மண்டைதான் கோளாறு.

காரை எடுத்துக்கொண்டு பறந்தேன். பாத்தி மொட்டையாகக் கிடந்தது. ஒரு செடி விடாமல் பிடுங்கி வேலியோரம் குவித்துக் கொளுத்தியிருந்தார்.

"கடைக்காரர்கிட்ட நானே சொல்லிட்டேன் தம்பி, எஞ்சரக்கு சரியில்லன்னு. ஏமாத்துறவன்னு பேரெடுக்க வேணாம்லா."

நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் திட்டவில்லை. வாசற்படியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து முழங்காலை நீவினார்.

"வெத உதிர்ந்திருக்கும், மழ பேஞ்சா மொளைக்கும். அதுவரைக்கும் நான் கடைக்கு என்னத்தக் குடுக்குறது?"

களை பிடுங்கவாவது வருகிறேன் என்றேன்.

"அதெல்லாம் அப்புறம். இப்பவே கடைக்குப் போ" என்றார். "எந்த ஆண்ட்டின்னு அட்ரஸோட சொல்லு."