அண்ணாவின் ஜேர்சியைத் தேடிய செவ்வாய்க்கிழமைகள்

அம்மா என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். ஒரே வீட்டில்தான் இருந்தோம். சோறு மேசையில் இருக்கும், அம்மா அறைக்குள் இருப்பார். அண்ணா இறந்ததைவிட அதுதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. எழுத வெட்கம், ஆனால் உண்மை. நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள், மரக்கறிக் கடையில் வேலை. வடிவாக எழுத வராது. புனித அந்தோனியார் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியாததால் எழுதுகிறேன்.

என் அண்ணா ஜெறோம். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த டூங்கபியில், வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் வலையில்லாத ஒரு கூடைப்பந்து வளையம் இருந்தது. பள்ளி விட்டால் அங்கேதான் நிற்பார். குவேக்கர்ஸ் ஹில்லில் ஒரு விளையாட்டு ஹோலில் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கும் றெஜி அங்கிள், அண்ணாவின் வீடியோக்களை அமெரிக்காவுக்கு அனுப்பினார். அங்கே ஒரு கல்லூரி, விளையாட்டுக்காகவே இலவசப் படிப்புக் கொடுத்து அவரை எடுத்தது. அந்தோனியாரின் திருநாள் பதின்மூன்றாம் திகதி என்பதால், அண்ணா பதின்மூன்றாம் இலக்க ஜேர்சியைக் கேட்டு வாங்கினார்.

முதல் வருடம் முழுக்க ஆட்டத்தில் இறங்காமல் வெளியேதான் இருந்தார். "அம்மா, நான் இங்க கதிரைக்குக் காவல்" என்று போனில் சிரிப்பார். இரண்டாம் வருடம் இறக்கினார்கள். அங்கே இரவு ஆட்டம், எங்களுக்கு மறுநாள் பகல். அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டே போனில் பார்ப்பார். அண்ணா பந்தைப் போட்டால் மீன் கையோடேயே சிலுவை போடுவார்.

மூன்றாம் வருடம் மாசி மாதம். பயிற்சியில் ஓடிக்கொண்டிருந்தவர் விழுந்தார். இதயம். எழும்பவில்லை. இருபத்தொரு வயது.

பெட்டியில் வந்தார். பிறகு அவருடைய பையும் வந்தது. முப்பத்தோராம் நாள் பூசை முடிய, இறந்தவரின் உடுப்புகளை இல்லாதவர்களுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். இங்கே யாரைத் தேடிக் கொடுப்பது? பையிலிருந்த எல்லாவற்றையும் மெஷினில் தோய்த்து, மடித்து, ரயில் ஸ்ரேசனடியில் உடுப்புத் தானம் போடும் பெட்டிக்குள் போட்டேன். ஜேர்சியையும்தான். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

அம்மா வெறும் பையைத் திறந்து பார்த்தார்.

"ஜேர்சி எங்கயடி?"

"தோய்ச்சுக் குடுத்திட்டன் அம்மா. எல்லாம் குடுக்கோணும் எண்டுதானே..."

"தோய்ச்சனியோ? அதில அவன்ர வேர்வை இருந்தது. அந்த மணம்தானடி எனக்கு மிச்சம்."

அதுதான் கடைசி.

தானம் வந்ததை விற்கும் பழைய உடுப்புக் கடைகள் எல்லாம் ஏறி இறங்கினேன். கிடைக்கவில்லை. தொலைந்ததைத் தேடித் தருபவர் அந்தோனியார். செவ்வாய் அவருடைய நாள், கோயிலில் ஒன்பது செவ்வாய் மெழுகுதிரி கொளுத்துவதாக நேர்ந்தேன். ஜேர்சியைத் தாரும், அம்மாவைக் கதைக்க வையும். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டேன். ஐந்தாம் செவ்வாய் எனக்குக் கோபம் வந்தது. உம்முடைய இலக்கத்தைத்தானே போட்டு ஓடினார், விழும்போது ஏன் தாங்கிப் பிடிக்கவில்லை என்று அவருடைய சுரூபத்தைப் பார்த்துக் கேட்டேன். அழுதேன். அடுத்த செவ்வாயும் போனேன்.

ஏழாம் செவ்வாய் பின்னேரம் றெஜி அங்கிள் கோல் எடுத்தார். "பிள்ளை, அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஹோலுக்கு வா. இங்க ஒருத்தி ஜெறோமின்ர ஜேர்சியைக் கவுண் மாதிரிப் போட்டுக்கொண்டு நிக்கிறாள்."

கதவடியில் நின்று சொன்னேன். அம்மா கதவைத் திறந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து காரில் ஏறினார்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை, பெயர் மதுரா. பழைய உடுப்புக் கடையில் தாய் வாங்கிக் கொடுத்ததாம். முதுகில் பதின்மூன்று, அதற்கு மேலே குரூஸ் என்று எங்கள் குடும்பப் பெயர். விசயம் கேட்டதும் பயந்துபோய், மேலே போட்டிருந்த ஜேர்சியைக் கழற்றி நீட்டினாள். அம்மா அதை முகத்தில் வைத்தார். கனநேரமாக முகத்திலிருந்து அதை எடுக்கவில்லை. அதில் அந்தப் பிள்ளை ஓடிய வேர்வைதான் இருந்திருக்கும்.

"சொறி அன்ரி. அவர் ரியலி அமெரிக்காவில விளையாடினவரா?"

"ஓம். நீ ஒரு மட்ச்சில எத்தினை போடுவாய்?"

"சம்டைம்ஸ்... ஒண்டு."

"ஒண்டோ? இந்தா, போட்டுக்கொண்டு ஓடு. என்ர பிள்ளையின்ர பேரைக் கெடுத்துப் போடாதை."

றெஜி அங்கிள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா என்னைப் பார்த்தார்.

"மெலிஞ்சு போனாய். சாப்பிட்டனியே?"

நான் அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டேன்.

மிச்ச இரண்டு செவ்வாயும் அம்மாவும் நானும் சேர்ந்து போனோம். அண்ணா வரமாட்டார். கதவு தட்டினால் இன்னும் அவர்தான் என்று நெஞ்சு ஓடுகிறது. அந்த ஏக்கத்தை எடுத்துவிடும் என்று நான் கேட்கவில்லை. முதலில் தனியாக ஏங்கினேன், இப்போது அம்மாவும் பக்கத்தில் இருக்கிறார். அதற்கே கடவுளுக்குக் கோடி நன்றி. உங்கள் வீட்டிலும் யாராவது கதைக்காமல் இருந்தால், அந்தோனியாரிடம் கேளுங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடேயே போய்க் கேளுங்கள். என்னை அவர் திருப்பி அனுப்பவில்லை.